பாங்குக்குப் பிறகு கேக்

மரி பிஸ்கட்டைப் பாலில் எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பதில் தர்ஷிகாவுக்கும் ஷஹ்மாவுக்கும் வருஷா வருஷம் சண்டை வரும். தர்ஷிகா நனைத்த கையோடு எடுத்துவிடுவாள். ஷஹ்மா அது கரைந்து பாலுக்குள் விழப்போகும் கணம்வரை விடமாட்டாள். அதனால் அவர்கள் செய்யும் பிஸ்கட் புடிங்கில் ஒரு வரிசை மொறுமொறுவென்றும் அடுத்த வரிசை களியாகவும் இருக்கும். இரண்டு பேரும் கதிரையில் ஏறி நின்றால் மேசை எட்டும் என்றான காலத்திலிருந்து பிறந்தநாள் புடிங்கை அவர்களேதான் செய்கிறார்கள். பெரியவர்கள் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். அந்தச் சனிக்கிழமை காலை மஹய்யாவ வீட்டுக் குசினியில் சத்தத்தையே காணோமே என்று தர்ஷிகாவின் அம்மா சுதர்சினி எட்டிப் பார்த்தாள். ஷஹ்மா ஒரு பிஸ்கட்டின்மேல் சொக்லட் கிரீமைத் தடவிவிட்டு, விரலில் ஒட்டியதை வாயில் வைக்காமல் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள், இன்னைக்கு ருசி பாக்கலயா?"

"நான் நோம்பு, சுதாம்மா."

சொல்லிவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தாள். பக்கத்தில் நின்ற தர்ஷிகா, இதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அவள் விரல்களும் சுத்தமாகத்தான் இருந்தன.

இரண்டு பிள்ளைகளும் கண்டி ஆஸ்பத்திரியில் ஒரே இரவில் பிறந்தவர்கள். பிரசவத்தில் சுதர்சினிக்கு இரத்தம் நிற்காமல் போய், மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். அவள் கண் திறந்து பிள்ளையைக் கேட்டபோது, பக்கத்துக் கட்டிலில் முக்காடு போட்ட ஒரு பெண் இரண்டு குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் ஒன்று தர்ஷிகா. பசியில் அழுத பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் கேளாமலே பால் கொடுத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அலவத்துகொடவிலிருந்து வந்திருந்த நஸ்லியாவைச் சுதர்சினி தெரிந்துகொண்டது அப்படித்தான். ஒரே பால் குடித்தவர்கள் எங்கள் மார்க்கத்தில் அக்கா தங்கச்சி என்று நஸ்லியா பிறகு விளக்கினாள். அடுத்த வருஷம் முதல் பிறந்தநாளுக்கு அவர்கள் மஹய்யாவவுக்கு வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் இவர்கள் அலவத்துகொடவுக்குப் போனார்கள். அப்படியே மாறி மாறி நடந்துவருகிறது.

சாப்பாடும் அப்படித்தான் ஒரு பழக்கத்துக்கு வந்தது. டின்மீன் கட்லட் சுதர்சினியுடையது. மீன் என்பதால் இரண்டு வீட்டுக்கும் பொது. பீட்றூட், கரட், கீரை என்று மூன்று நிறத்தில் பாண் சாண்ட்விச் நஸ்லியாவுடையது. ஒரு பட்டர் கேக். மேலே ஐசிங் கிடையாது. இரண்டு பெயர்களையும் ஜுஜுப்ஸால் எழுதுவார்கள். பிள்ளைகளின் புடிங். வெளியில் ஒன்றும் வாங்குவதில்லை. கேக்கை இரண்டு பேரும் ஒரே கத்தியைப் பிடித்து வெட்டி, முதல் துண்டை ஒருத்திக்கு ஒருத்தி ஊட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

இந்த வருஷம் பிறந்தநாள் நோம்பு மாசத்துக்குள் வந்துவிட்டது. பெரியவர்கள் நோம்பு, பிள்ளைகளுக்கு என்ன, வழக்கம்போல நாலு மணிக்கு வைப்போம் என்று நஸ்லியாவே முதலில் சொல்லியிருந்தாள். அதன்படி மேட்டுப் படிகளையொட்டிய வரிசை வீடுகளிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. விடியற்காலையில் சஹர் சாப்பாட்டுக்கு ஷஹ்மா தானாக எழுந்து வந்து உட்கார்ந்ததை விளையாட்டு என்றுதான் நஸ்லியா நினைத்தாளாம். பஸ்ஸில் வரும்போதுதான் உண்மை தெரிந்தது.

கட்லட்டுக்குக் கிழங்கு மசித்துக்கொண்டே நஸ்லியா மிச்சத்தையும் சொன்னாள். ஷஹ்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. மெலிந்த உடம்பு. போன வருஷம் ஒரு நோம்பு பிடித்து, பகலில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து புருஷனின் மச்சான் வீட்டுப் பிள்ளைகள் அவளை 'அரை நோம்பு' என்றே கூப்பிடுகிறார்கள். கலியாண வீட்டில்கூட ஒரு பெரிய மனிசி அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தாளாம். ஷஹ்மா அதற்கு அழவில்லை. இந்த மாசம் முழுக்க, வீட்டில் யாருக்கும் தெரியாமல், பகல் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தப் பிந்தச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறாள்.

மத்தியானம் வெயில் கொளுத்தியது. தகரக் கூரைக்குக் கீழே கட்லட் பொரியும் வாசம் வீடு முழுக்க நின்றது. கேக் அடுப்பிலிருந்து இறங்கியபோது தர்ஷிகாவே வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஷஹ்மா அறைக்குள் போய்ப் படுத்தாள். சுதர்சினி போய்ப் பார்த்தபோது பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. நஸ்லியா கட்டிலின் ஓரத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் நோம்புதான்.

சின்னப் பிள்ளைக்கு இது கடமை இல்லை, அல்லாஹ் கோபிக்கமாட்டான், ஒரு முடறு குடி என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஷஹ்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தன்னால் முடியும் என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஏலும் உம்மா."

நஸ்லியா சுதர்சினியைப் பார்த்தாள். "மூஞ்சப் பாருங்கோ சுதா. போன வருஷமும் இப்பிடித்தான் ஈந்த. நீங்களும் அவளுக்கு ஒரு உம்மாதானே. நீங்க குடி எண்டு செல்லுங்கோ."

சுதர்சினி அந்தக் கிளாஸைப் பார்த்தாள். குடி என்று சொல்வதுதான் சுலபம். பிள்ளை மயங்கி விழுந்தால் நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது? தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு மார்க்கத்தின் விஷயத்தில் பிள்ளையைப் பட்டினி கிடக்க விட்டாள் என்றுகூட யாராவது பேசலாம். ஆனால் அந்தச் சின்ன முதுகைப் பார்த்தபோது, இன்றைக்குக் கிளாஸை நீட்டிக் குடிக்க வைத்தால் அந்தப் பட்டப்பெயரைத் தானும் ஒருதரம் கூப்பிட்டதாகிவிடும் என்று தோன்றியது. அவள் கட்டிலுக்கு மறுபக்கம் போய், ஷஹ்மாவின் முகத்துக்கு நேரே தரையில் குந்தினாள்.

"தலை சுத்துதா?"

"இல்ல."

"நெஞ்சு இழுக்குதா?"

"இல்ல. தாகம் மட்டுந்தான்."

"சரி. சுத்துனாலும் இழுத்தாலும் என்கிட்ட ஒளிக்காம சொல்லிறணும். சொன்னா அது தோத்துப்போறது இல்ல. ஒளிச்சாத்தான் நான் கோவிப்பேன்."

ஷஹ்மா தலையாட்டினாள். சுதர்சினி துவாயைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து வந்து பிள்ளையின் பாதங்களில் சுற்றினாள். நஸ்லியா கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு, மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமா நிம்மதியா என்று சுதர்சினிக்கு விளங்கவில்லை.

நாலு மணிக்கு வரிசைப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். புதுச் சட்டை, பவுடர் பூசிய முகங்கள், கையில் பென்சில் பெட்டியும் கொப்பியும். பள்ளிக்கூட வான் ஓட்டும் சுதர்சினியின் புருஷன் அழகரை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் கையில் கட்லட் தட்டைக் கண்டதும் கூச்சல் போட்டார்கள். பிள்ளைகளைக் காக்க வைக்க முடியாது, இப்போதே கொடுத்துவிடுவோம், கேக்கையும் வெட்டிவிடுவோம் என்று நஸ்லியா குசினியில் மெல்லச் சொன்னாள். தர்ஷிகா அதைக் கேட்டுவிட்டாள். ஷஹ்மா வாயில் வைக்காத கேக்கை நான் எப்படி வெட்டுவது என்று அவள் கண் கலங்க, அழகர் தட்டோடு நடுவில் நின்றான். அந்த நேரத்தில்தான் அறைக் கதவு திறந்தது.

ஷஹ்மா முகம் கழுவி, தலையில் புது ஸ்காஃப் கட்டியிருந்தாள். நேரே அழகரிடம் போய்த் தட்டைக் கேட்டு வாங்கினாள். கேக் பாங்குக்குப் பிறகு, இதெல்லாம் இப்போது என்று சொல்லிவிட்டு, தானே பிள்ளைகளுக்குப் பரிமாறத் தொடங்கினாள். கட்லட் முடிந்ததும் சாண்ட்விச். சிவப்பா, பச்சையா, மஞ்சளா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கொடுத்தாள். சோஸ் ஊற்றினாள். ஒரு சின்னவன் தன் கட்லட்டைக் கடித்துவிட்டு மிச்சத்தை அவள் வாய்க்கு நேரே நீட்டினான். அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கையை அவன் வாய்ப்பக்கமே திருப்பிவிட்டாள். நஸ்லியா கதவு நிலையில் சாய்ந்து நின்று இதைப் பார்த்தாள். மகள் கொடுக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டு வந்தது.

வழக்கமாகச் சாப்பிட்டதும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். இன்றைக்கு ஒருவரும் போகவில்லை. ஷஹ்மா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்ற செய்தி தர்ஷிகாவிடமிருந்து வெளியேறி வீடு வீடாகப் போய்விட்டது. பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார் வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். வேலை முடிந்து வந்த ஆண்கள் படிகளில் நின்றார்கள். பச்சைப் பிள்ளையை இப்படி வதைப்பதா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நான் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இருக்கும்போது என்னை யார் வதைத்தார்கள் என்று இன்னொருத்தி கேட்டாள்.

ஐந்தரைக்குமேல் மேகம் கறுத்து ஒரு மழை அடித்தது. எல்லோரும் வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டார்கள். இருட்டிவிட்டது, இனிச் சாப்பிடலாம் என்று ஒரு சின்னப் பெண் ஷஹ்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இல்லை, இது மழை இருட்டு என்று ஷஹ்மா அவளுக்கு விளக்கினாள். அப்போது அவள் குரல் மிகவும் மெலிந்திருந்ததைச் சுதர்சினி கேட்டாள். கூட்டத்துக்கு மேலாக ஷஹ்மாவின் கண்ணைப் பார்த்து, சுத்துதா என்று கையால் கேட்டாள். ஷஹ்மா இல்லை என்று தலையசைத்தாள். பிறகு தர்ஷிகாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே அசையாமல் கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷிகாவும் பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்பது சுதர்சினிக்கு அப்போதுதான் உறைத்தது.

மழை விட்டதும் நஸ்லியாவின் புருஷன் ஹில்மி வந்து சேர்ந்தான். அலவத்துகொடவில் கடையைப் பூட்டிவிட்டு, பள்ளிவாசலில் காய்ச்சிய நோம்புக் கஞ்சியைப் பெரிய சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு திரீவீலில் வந்திருந்தான். கூட்டத்தைக் கண்டு, மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து பிள்ளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். மேசைக்கு முன்னால் அவளைக் கண்டதும் நின்றான்.

"இன்னும் நோம்பா?"

"ம்."

அவன் சட்டையின் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அந்த வரிசையில் எந்த நேரமும் ஏதாவது ஒரு டிவி அலறும். யார் முதலில் நிறுத்தினார்களோ தெரியாது, ஒவ்வொன்றாக நின்றுபோனது. கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஷஹ்மாவின் கையில் ஒரு பேரீச்சம்பழம் இருந்தது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது.

ஷஹ்மா உதடு அசைய ஓதிவிட்டுப் பழத்தைக் கடித்தாள். மிச்சப் பாதியைத் தர்ஷிகாவின் வாயில் வைத்தாள். பிறகு தண்ணீரைக் குடித்தாள். கிளாஸ் காலியாகும்வரை கீழே வைக்கவில்லை. பாங்கு முடியும்வரை பொறுத்திருந்த வரிசை, அது முடிந்ததும் கைதட்டத் தொடங்கியது. உள்ளே தொடங்கிய சத்தம் வாசலுக்குப் போய், படிகளில் ஏறி, மேல் வீடுகள்வரை போனது. அழகர் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துத் தூக்கினான். சுதர்சினி ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நஸ்லியாவின் வாயில் ஊட்டினாள். நஸ்லியா அதை மெல்ல முடியாமல், சிரிப்பும் அழுகையுமாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ட புள்ள முழுசாப் புடிச்சிட்டா, சுதா."

"நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

கேக்கை வெட்டினார்கள். ஊட்டிக்கொண்டார்கள். புடிங் தட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. ஹில்மி கைபேசியில் மச்சானைக் கூப்பிட்டு, சலாம் சொல்லி, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி இருக்கிறது என்று தொடங்கினான். உள்ளே இருந்த சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

அதற்குள் கஞ்சிச் சட்டி வாசலுக்குப் போய்விட்டிருந்தது. ஷஹ்மா ஸ்காஃப் நழுவ, இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோப்பைகள், கிளாஸ்கள், ஒரு பிள்ளையின் பிளாஸ்டிக் வாளிகூட அவளுக்கு முன்னால் நீண்டிருந்தன. ஈரப் படிகளில் தெருவிளக்கின் கீழே வரிசை மேலே மேலே ஏறிப் போயிருந்தது. அவள் அகப்பையை ஆழமாக விட்டுக் கிளறித் தூக்க, ஆவி எழுந்து, அவள் முகத்தை மறைத்து, விளக்கைத் தாண்டி மேலே போனது.