காதால் வாங்கிய கேமரா

கேமரா வாங்கப் போகிறவர்கள் கூடவே ஒலிபெருக்கியையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. அக்கா சொல்லியும் எலியேசர் கேட்கவில்லை. மலையூரான லோன்கிமாயிலிருந்து தெமுகோ நகரத்துக்குப் பேருந்தில் போகும் மூன்று மணி நேரமும் அதை மடியிலேயே வைத்திருந்தான். சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவர்கள் வைத்திருக்கும் சின்ன ஒலிபெருக்கி அது. பனிமலைச் சரிவில் அவனுடைய அக்கா தாமரிஸ் அதைப் பின்னிடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் சறுக்குவாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் வருவான். அவனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை.

தலைநகரத்தில் பார்வையற்றோர் பனிச்சறுக்கு அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நேரில் வர முடியாதவர்கள் படம் எடுத்து அனுப்பலாம் என்று கடிதம் வந்திருந்தது. வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். சறுக்குபவர் முழுதாகத் தெரிய வேண்டும். வழிகாட்டியின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி: வழிகாட்டி தகுதியானவர் இல்லையென்றால் அணியே வேறொருவரைக் கொடுக்கும். தாமரிஸ் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அந்த வரியையும் விடாமல் படித்தாள், கொஞ்சம் வேகமாக.

கைப்பேசியில் எடுத்துப் பார்த்தாயிற்று. நாலாவது திருப்பத்தில் குளிர் தாங்காமல் அணைந்துபோனது. அதனால்தான் இந்தப் பயணம். கையில் இருந்தது தொண்ணூறாயிரம் பேசோ. அதற்குள் கிடைப்பது பழைய சாமான் கடையில்தான்.

கடைக்காரர் ஓஸ்வால்தோ மூன்று கேமராக்களை மேசைமேல் வைத்தார்.

"இதப் பாருங்கம்மா. தண்ணி போகாத பெட்டியோட வருது. படம் கண்ணாடி மாதிரி இருக்கும். பனித்துகள எண்ணிறலாம்."

"எண்ணி என்ன செய்யப் போறோம்?" என்றான் எலியேசர். "அக்கா, வெளிய போய்ப் பேசு. நான் பதிவு பண்றேன்."

"நடுத்தெருவுலயா?"

"சரிவுல பேசறதில்லையா? காத்து வேணும், வண்டிச் சத்தம் வேணும். போ போ."

தாமரிஸ் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் போய் நின்றாள். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மலையில் சொல்வதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்றாள்.

"கிலோ என்ன விலம்மா?" என்று கேட்டார் பையோடு நின்ற ஒரு பெரியவர்.

"உருளைக்கிழங்கு இல்லீங்க."

"வேற என்ன விக்கறே?"

"என் தம்பிய," என்றாள் தாமரிஸ். "மலிவாத் தரேன், கூட்டிட்டுப் போங்க."

உள்ளேயிருந்து எலியேசர் கத்தினான். "எண்ணிட்டு நிக்காதே, மலையில சொல்ற மாதிரி சொல்லு!"

அவள் சொல்லவில்லை. இருபதுவரை எண்ணிவிட்டு உள்ளே வந்தாள்.

அவன் ஒவ்வொரு கேமராவின் பதிவையும் காதில் வைத்துக் கேட்டான். பெட்டி போட்டதைக் கேட்டு முகம் சுளித்தான். "அக்கா கெணத்துக்குள்ள விழுந்துட்டா." இரண்டாவதில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. மூன்றாவதை இரண்டு தரம் கேட்டான். முதுகுப்பக்கம் கீறலாகக் கிடந்த பழைய கேமரா, திரையின் ஒரு மூலை மங்கல்.

"இது."

"தம்பி, நேர்மையாச் சொல்றேன், அதுல படம் சுமார்," என்றார் ஓஸ்வால்தோ. "வெள்ளையக் காட்டினா சாம்பலாக் காட்டும். பார்க்கறவங்க முதல்ல பாக்கறது படத்தத்தானே?"

"பார்க்கறவங்க பாக்கட்டும். அக்கா மூச்சு வாங்கறது இதுலதான் கேக்குது."

தாமரிஸ் பெட்டி போட்ட கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தன் குரல் யாருக்கும் சரியாகக் கேட்காது என்பது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை அவளே வெறுத்தாள். பணத்தை எடுத்து நீட்டினாள். மிச்சமிருந்ததில் மாற்று பேட்டரி வாங்க முடியவில்லை. கறி வைத்து மடித்துச் சுட்ட எம்பனாதா இரண்டு வாங்கித் தின்றுகொண்டே பேருந்து ஏறினார்கள்.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. தாமரிஸ் வேலை பார்ப்பது அதே சரிவில், சறுக்க வருபவர்களை மேலே இழுத்துப்போகும் இழுவைக் கயிற்றில்தான் என்பதால், கூட்டம் வருமுன் இரண்டு மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. கேமராவை அவள் முதுகில், பின்பக்கம் பார்க்கும்படி கட்டினார்கள். கையுறையிலிருந்து கொஞ்சம் ஆட்டுரோமத்தைப் பிய்த்து, காற்று இரையாமலிருக்க ஒலிவாங்கித் துளைமேல் ஒட்டினான் எலியேசர். பேட்டரியை அதுவரை தன் அக்குளில் வைத்துச் சூடாக்கிக் கொண்டிருந்தான்.

"இந்தா, கோழி அடைகாத்தது."

"சீ, நாத்தம்."

முதல் ஓட்டம் தொடங்கியது. தாமரிஸ் இரண்டு நாளாகப் பயிற்சிக் கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தெளிவான குரலில் சொன்னாள். "இடது. வலது. இடது. முன்னால் பனிக்கட்டி. வலது."

ஐந்தாவது திருப்பத்தில் பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் எலியேசர் மல்லாந்து கிடந்தான். ஒரு சறுக்குப் பலகை கழன்று தனியே சறுக்கிக்கொண்டிருந்தது.

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு மேலேறி வந்தாள். "அடிபட்டுச்சா?"

"இல்ல." அவன் வாயிலிருந்த பனியைத் துப்பினான். "யார் அது?"

"எது?"

"எனக்கு முன்னாடி போனது. வானொலியில செய்தி வாசிக்கற பொம்பளையா?"

அவள் கழன்ற பலகையை அவன் காலடியில் வைத்தாள்.

"அக்கா, நீ 'இடது'ன்னு சொல்லி முடிச்சிடறே. எனக்குத் திருப்பம் இன்னும் முடியல. மிச்சத்துக்கு நான் எங்க போறது?"

அவர்களுக்குள் வேறு பேச்சு இருந்தது. இடப்பக்கத் திருப்பம் சோபைப்பியா, எண்ணெயில் பொரிக்கும் வட்ட அப்பம். வலப்பக்கம் எம்பனாதா. திருப்பம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் அவள் சொல்லை இழுப்பாள், இழுப்பு முடியும்வரை அவன் வளைந்துகொண்டே இருப்பான். பனிக்கட்டிக்குப் பெயர் பெர்த்தா அத்தை. பளபளவென்று சிரித்தபடி ஆளைக் கவிழ்த்துவிடுவாள். இதெல்லாம் அவனுக்கு ஒன்பது வயதில், ஒரு மதியம் பசியோடு இறங்கியபோது விளையாட்டாகத் தொடங்கியது.

"அங்க கோட்டு போட்டு உக்காந்திருக்கறவங்க முன்னாடி நான் சோபைப்பியான்னு கத்தவா?" என்றாள் தாமரிஸ். "பைத்தியம்னு நினைச்சு உனக்கு வேற ஆளைத்தான் குடுப்பாங்க."

எலியேசர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். "அதான் விஷயமா? என் முன்னாடி போயிட்டு அவங்களுக்குப் பேசிட்டிருந்தியா?"

அவள் கேமராவைக் கழற்றிப் பார்த்தாள். பேட்டரியில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. இன்னொரு ஓட்டத்துக்குத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். கீழே முதல் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. அவன் பேட்டரியை வாங்கி மறுபடி அக்குளுக்குள் வைத்துக்கொண்டான். இருவரும் இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போனார்கள்.

உச்சியில் அவள் மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்தாள்.

"சோ...பை...ப்பியாஆஆ!"

அரவுகாரியா மரங்களைத் தாண்டிக் குரல் போய் வந்தது. பின்னால் பலகைகள் பனியைச் சீவும் ஓசை அந்த இழுப்பின் நீளத்துக்கே கேட்டது. "எம்பனாதாஆ! சின்ன சோபைப்பியா! பெர்த்தா அத்தை, பெர்த்தா அத்தை, வணக்கம் சொல்லிட்டு ஓடு! எம்பனாதாஆஆஆ!" நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பிலும் அவன் திரும்பினான். யாருக்காக இதை எடுக்கிறோம் என்பது பாதிச் சரிவுக்குள் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அடிவாரத்தில் நின்றபோது கேமராவில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அணைக்கக் கை வைக்குமுன் அதுவே அணைந்தது.

மதியம் சாப்பிட்டதும் விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் போட்டார்கள். ஓஸ்வால்தோ சொன்னதுபோலவே பனி சாம்பலாகத்தான் இருந்தது. ஆனால் தாமரிஸ் அதைக் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக இவனுக்கு முன்னால் போகிறவள் அவள். தோளுக்கு மேல் அரை நொடி திரும்பிப் பார்ப்பதைத் தவிர இவன் சறுக்குவதை முழுதாகப் பார்த்ததே இல்லை. இதோ வருகிறான். தாடை சற்றே மேலே, ஒரு காது முன்னால். அவள் குரல் நீளும்போது உடம்பு சாய்கிறது, குரல் நிற்கும்போது நிமிர்கிறது. யாரோ அவனை ஒரு நூலில் கோத்து இழுத்துப்போவதுபோல இருந்தது. படத்தில் அவள் எங்கும் இல்லை. குரல் மட்டும் இருந்தது.

"எப்படி இருக்கேன்?" என்றான் எலியேசர்.

"ஒல்லியா இருக்கே."

"அழறியா?"

"புகை."

"அடுப்புக் கதவு சாத்தித்தானே இருக்கு."

பின்னணியில் ஏதாவது இசை போட்டுக் குரலை மெலிதாக்கலாமா என்று அவள் ஒருமுறை நினைத்தாள். பிறகு வேண்டாமென்று விட்டாள். எதையும் தொடாமல், அவள் சிரித்ததோடு, மூச்சு வாங்கியதோடு, அப்படியே அனுப்பினாள்.

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. தாமரிஸ் நின்றபடியே உரக்கப் படித்தாள். "மதிப்பிற்குரிய விண்ணப்பதாரருக்கு. தாங்கள் அனுப்பிய ஒளிப்பதிவு குழுவினரால்..."

"நிறுத்து," என்றான் எலியேசர். "செய்தி வாசிக்கறவ வேணாம். நீ படி."

அவள் மீதியைக் கண்ணால் ஓட்டினாள். பத்து நாள் முகாமுக்கு அழைத்திருந்தார்கள். அழைப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. அடியில் பயிற்சியாளர் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்.

"சொல்லேன், அக்கா!"

அவள் மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"சோ...பை...ப்பியாஆஆஆஆ!"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடப்பக்கம் சாய்ந்தான். குரல் நிற்கும்வரை சாய்ந்தே இருந்தான்.

"ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காங்க," என்றாள் அவள். "பெர்த்தா அத்தை யாருன்னு கேட்டிருக்காங்க."