பின்னட்டை முகம்

குளிர்பெட்டியின் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும் என்று மகள் லிஜி மூன்றாவது தடவை கேட்ட பிறகு, ஔசேப்பச்சன் அலமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தார். நாற்பது வருடத்துப் புகைப்படங்கள் விழுந்தன. ஞானஸ்நானம், புதுநன்மை, ரப்பர் தோட்டம், வேளாங்கண்ணிப் பயணம். எல்லாவற்றிலும் அவர் இருந்தார், லிஜி இருந்தாள், செத்துப்போன நாய்கூட இரண்டு படத்தில் இருந்தது. மனைவி திரேசியாம்மா மட்டும் இல்லை. கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"கல்யாண ஆல்பம்?" என்றார்.

லிஜியின் கல்யாண ஆல்பத்தில் ஒன்று கிடைத்தது. பொன்னிறக் கரை போட்ட புடவையில், கணவரின் பக்கத்தில், போட்டோக்காரன் இடப்பக்கமிருந்து அடித்த விளக்கில் கண்ணைச் சுருக்காமல் நின்றிருந்தாள் திரேசியாம்மா. இடது கண்ணுக்குக் கீழே மிளகளவு மறு தெளிவாகத் தெரிந்தது. லிஜி அதைப் போனில் பிடித்து, வெட்டி, ஓரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள். என்ன செய்தாலும் ஔசேப்பச்சனின் ஜிப்பாத் தோள் ஒரு துண்டு அம்மாவோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

"அம்மாவா இருந்தா ரெண்டே நிமிஷத்துல இத எடுத்திருப்பாங்க" என்றாள் லிஜி. கூடத்தில் குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு, கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்ட நாற்காலியில், பக்கத்தில் வைத்த பால் விடாத கட்டஞ்சாயா ஆறுவதற்குள் திரேசியாம்மா போய்விட்டாள். அவர் ரப்பர் ஷீட் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது திரையில் ஒரு புத்தக அட்டை பாதியில் நின்றிருந்தது. அவளது பன்னிரண்டாவது நாவல்.

அரசுப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெறுவதற்கு ஏழு வருடம் முன்பே திரேசியாம்மா எழுதத் தொடங்கிவிட்டாள். எழுதியதெல்லாம் கொலைக் கதைகள். முதல் கதையில் கோயில் ஊழியனான கப்பியார் திருமணி அடிக்கும் கயிற்றிலேயே ஒருவனைத் தொங்கவிட்டான். படித்துப் பார்த்த ஔசேப்பச்சனுக்கு வியர்த்துவிட்டது. அப்போது அவர் பங்குக் கோயிலில் நிர்வாகம் பார்க்கும் கைக்காரர், உண்டியல் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

"வடக்கேப்பறம்பில்ங்கிற நம்ம வீட்டுப் பேரு இதுல வரக்கூடாது. உன் மூஞ்சியும் வரக்கூடாது. நாளைக்கு நான் கோயில் அச்சன் முன்னாடி எப்படிப் போய் நிக்கிறது?"

திரேசியாம்மா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவர் நாலு நாளில் இறங்கி வந்திருப்பார். அது அவளுக்கும் தெரியும், ஏன் போடவில்லை என்பதுதான் அவருக்கு இன்றுவரை தெரியாது. வசுமதி என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டாள். இணையத்தில் படம் விற்கிறவர்களிடம் போய் ஒரு முகத்தை வாங்கினாள். எந்த ஊர்க்காரியோ, காதோரம் நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, பல் தெரியாமல் அழகாகச் சிரிக்கிற ஒருத்தி. அவளை அவள் நின்ற இடத்திலிருந்து வெட்டியெடுத்து, தன் வீட்டு முற்றத்துப் பலா மரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். பதினொரு புத்தகங்களின் பின்னட்டையிலும் அந்தப் பெண்தான் பலா மரத்தடியில் நின்றாள். ஒருநாள் பத்திரிகையில் முட்டுவலித் தைல விளம்பரத்தில் அதே பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏடீ, உன் வசுமதிக்கு முட்டுவலியாம்" என்று ஔசேப்பச்சன் கொண்டுவந்து காட்ட, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

முன்னட்டைகளும் அவள் கைவேலைதான். வாங்குகிற படங்களில் வீடு கிடைத்தால் அதன் கூரையில் பனி கிடக்கும். பனியைச் சுரண்டி ஓடு வேய்வாள். ஊசியிலை மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தெங்கு நடுவாள். மழை மட்டும் சரியாக அமையாது, இடவப்பாதி மழை பெய்யும்போது வராந்தாவில் உட்கார்ந்து தானே எடுத்துச் சேர்ப்பாள். இந்த வேலையில் ஔசேப்பச்சனுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவர், "தெங்கு நிழல் இந்தப் பக்கம் விழுது, வீட்டு நிழல் அந்தப் பக்கம் விழுது. உங்க ஊர்ல ரெண்டு சூரியனா?" என்று கேட்டுவிட்டார். தோட்டத்தில் முப்பது வருடம் நிழலைப் பார்த்து மணி சொன்ன மனிதர். அன்று முதல் ஒவ்வொரு அட்டை முடிந்ததும், "அச்சாயோ, வந்து நிழல் பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவரும் பெரிய அதிகாரி மாதிரி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போவார்.

"நான் நேத்து ராத்திரி பஸ்ல வரும்போதே அம்மா வசுமதி பேர்ல வச்சிருந்த பேஸ்புக் பக்கத்துல போட்டுட்டேன்" என்றாள் லிஜி. "வசுமதி இறந்துட்டாங்க, இன்னைக்கு மூணு மணிக்கு அடக்கம்னு. அந்தப் பின்னட்டைப் படத்தோட."

"வீட்டுப் பேரும் போட்டியா?"

"போடாம?"

"உன்ன யாரு போடச் சொன்னது?"

வெட்டிய படத்தைச் சட்டம் போட்டுவர லிஜி ஆளனுப்பினாள்.

இரண்டு மணிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. பழைய மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், மாதர் சங்கத்துப் பெண்கள். கைக்காரர் பதவியை விட்டு ஆறு வருடமாகியும் ஔசேப்பச்சன் பாதிரியார் அச்சனுக்கு நாற்காலி போடும்போது அதே பவ்யத்தோடுதான் போட்டார். பங்கு அச்சன் உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தில் நாடா வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், காக்கி மேல்சட்டை போட்ட ஒரு பெண் வாசற்படியில் வந்து நின்றாள். பஸ் கண்டக்டர். தோளில் ஒரு பை, கையில் ஒரு புத்தகம். சட்டம் போட்ட படத்தைப் பார்த்தாள், புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஔசேப்பச்சனிடமே வந்தாள்.

"இங்க வசுமதின்னு…"

அச்சன் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் இப்போதைய கைக்காரர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றார் ஔசேப்பச்சன்.

யோசித்துச் சொன்னதில்லை. பதினைந்து வருடமாகத் தபால்காரனிடமும் கூரியர்காரனிடமும் எப்படியோ தேடி வந்த வாசகர் ஒன்றிரண்டு பேரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிப்போன வாக்கியம். அப்போதெல்லாம் உள்ளே அடுக்களையில் திரேசியாம்மா இருப்பாள், கேட்காதது மாதிரி தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள்.

"மன்னிக்கணும் சேட்டா. இந்த வீட்டுப் பேருல வேற வீடும் இருக்கும்போல" என்று சொல்லி அந்தப் பெண் திரும்பி நடந்தாள்.

ஔசேப்பச்சன் குளிர்பெட்டியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் திரேசியாம்மா, தலையில் பூக்கிரீடத்தோடு, கையில் கட்டிய ஜெபமாலையோடு கிடந்தாள். இப்போதும் அவளுக்குக் கேட்டிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அச்சன் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஔசேப்பச்சன் செருப்புக்கூடப் போடாமல் வாசலில் இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, ஓடாத குறையாகப் போனார். கட்டியவள் பெட்டியில் கிடக்கையில் மனிதர் எங்கே போகிறார் என்று கூட்டமே திரும்பிப் பார்த்தது.

ரோட்டு வளைவில்தான் அவளைப் பிடித்தார்.

"நில்லு மோளே. இந்த வீடுதான்."

"நீங்கதான இல்லைன்னீங்க?"

"பொய் சொன்னேன். வா."

அவள் பெயர் ஷைலஜா. ஈராட்டுப்பேட்டை டிப்போ. காலை ஷிப்டை முடித்துவிட்டு உடை மாற்றாமல் வந்திருக்கிறாள். கூட வரும்போது இதையெல்லாம் அவளே சொன்னாள், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் அவளைக் கூட்டிப்போய் நிறுத்தினார். அவள் புத்தகத்தின் பின்னட்டையை ஒரு முறை பார்த்தாள், கண்ணாடிக்குள் ஒரு முறை பார்த்தாள்.

"இது அவங்க இல்லையே சேட்டா."

"புத்தகத்துல இருக்கிறது காசு கொடுத்து வாங்கின படம். யாரோ என்னவோ. எழுதினது இவ." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டார். "பதினொரு புத்தகம் எழுதியிருக்கா. மூஞ்சி போடக்கூடாதுன்னு சொன்னது நான்."

மாதர் சங்கத்தில் ஒருத்தி, "நம்ம திரேசியாம்மா டீச்சரா?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். ஷைலஜா அதையெல்லாம் கவனிக்கவில்லை. குனிந்து, கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோயிருந்தாள்.

"இவங்க என் பஸ்ல வந்திருக்காங்க" என்றாள் மெதுவாக. "இந்த மறு எனக்கு ஞாபகம் இருக்கு. பாலா ஸ்டாண்ட்ல ஏறி, முன் சீட்ல உக்காந்தாங்க. டிக்கெட் எல்லாம் கொடுத்துட்டு நான் புத்தகத்தப் பிரிச்சேன். என்ன படிக்கிறீங்கன்னு கேட்டாங்க. காட்டினேன். எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டது லிஜி.

"கொலைகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு, ஆனா கீழ வைக்க முடியல சேச்சின்னேன். இத எழுதினவங்கள ஒருதடவை பாக்கணும்னு சொன்னேன். பின்னட்டையக் காட்டி, பாருங்க எவ்வளவு நல்ல முகம்னுகூடச் சொன்னேன். ஆமா, நல்ல முகம்னு சொன்னாங்க. அப்புறம் இறங்குற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க."

அந்த நாள் எதுவென்று ஔசேப்பச்சனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு ஒரு சாதாரணப் புதன்கிழமை, திருநாளும் இல்லை விருந்தாளியும் இல்லை, பாலாவுக்குப் போய்த் திரும்பிய திரேசியாம்மா பாலப்பமும் ஸ்டியூவும் செய்து வைத்திருந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, பசிச்சது, செஞ்சேன் என்றாள். அவரும் நாலு அப்பம் தின்றுவிட்டுத் தூங்கப் போனார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், எல்லோருக்கும் முன்னால் அழுதார்.

அச்சன் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"கப்பியார் கயித்துல தொங்க விடுவானே, அந்தக் கதையா?" என்று அவர் காதுக்குள் கேட்டார். "செமினாரியில படிக்கும்போதே படிச்சேன் ஔசேப்பச்சா. கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சுப் படிச்சேன்."

இந்த மனிதர்களுக்குப் பயந்தா அவளை மறைத்தேன் என்று ஔசேப்பச்சன் நினைத்துக்கொண்டார். பிறகு ஜெபம் தொடங்கியது. மூன்று மணிக்குக் கோயில் மணி அடிக்க, திரேசியாம்மாவைத் தூக்கினார்கள். ஷைலஜா கல்லறை வரை வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்து கைகால் கழுவியதும், ஔசேப்பச்சன் நேராகப் போய்க் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவள் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை.

"லிஜி, நீ அந்தச் சேர்ல உக்காரு. அம்மா பாதியில விட்டத எடு."

"இப்பவா அப்பச்சா?"

"இப்பத்தான்."

பன்னிரண்டாவது அட்டை திறந்தது. முன்பக்கம் முடிந்திருந்தது. பின்பக்கத்தில் வழக்கம்போல அந்தக் கண்ணாடிக்காரி பலா மரத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் இருந்த சின்னக் கண் அடையாளத்தை லிஜி அழுத்தினாள். பதினைந்து வருடமாக நின்றவள் ஒரு நொடியில் போய்விட்டாள். அவருடைய முற்றம் மட்டும் இருந்தது. வலப்பக்கமிருந்து காலை வெயில் அடிக்க, பலாவின் நிழல் இடப்பக்கமாக நீண்டு கிடந்தது.

லிஜி மத்தியானம் வெட்டிய கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். அளவைக் குறைத்து, பின்புலத்தை அழித்து, மரத்துக்கு முன்னால் நகர்த்தினாள். அம்மா அளவுக்குக் கை பழகவில்லை, முடியோரம் கொஞ்சம் பிசிறாகவே நின்றது.

"தோளு?" என்று கேட்டாள்.

"என்னை முழுசா எடுத்துடு. அவ புத்தகத்துல எனக்கு என்ன வேலை."

பொறுமையாக உட்கார்ந்து அந்த ஜிப்பாத் துண்டை அழித்தாள்.

"பேரு? திரேசியாம்மான்னு மாத்தவா?"

"வேண்டாம். வசுமதி அவளா வச்சுக்கிட்ட பேரு. மூஞ்சிதான் நான் பிடுங்கினது."

லிஜி சற்றுப் பின்னால் சாய்ந்து பார்த்தாள். அம்மா அப்பாவை எப்படிக் கூப்பிடுவாள் என்பது அவளுக்கும் தெரியும். அந்தச் சொல்லைத் தன்னால் சொல்ல முடியாமல், "நிழல் பாருங்க அப்பச்சா" என்றாள்.

ஔசேப்பச்சன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தார். பார்த்தவுடனே தெரிந்தது. வெயில் வலப்பக்கமிருந்து வருகிறது, முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்திருக்கிறது.

"மாறியிருக்கு" என்றார்.

"படத்த இடம் வலமாத் திருப்பிட்டா சரியாயிடும்." சொல்லிக்கொண்டே லிஜி திருப்பிக் காட்டினாள். வெளிச்சம் பொருந்தியது. முற்றத்தில் எடுத்த படம் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் மறு வலது கண்ணுக்குக் கீழே போயிருந்தது.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழையபடி வை" என்றார்.

"நிழல் தப்பா இருக்குமே அப்பச்சா."

"இருக்கட்டும்."

லிஜி திருப்பி வைத்துச் சேமித்தாள். ஜன்னலுக்கு வெளியே, பலா மரத்தடியில், வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.