மேனேஜர்கிட்ட பேசுங்க

கண்ணை மூடிக்கொண்டு படம் எடுக்கிற டைரக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தி, தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். திரையில் என் தங்கை படிக்கட்டின் அடியில் மண்டியிட்டு அலறிக்கொண்டிருந்தாள். "கட்" சொன்ன பிறகுதான் சார் கண்ணைத் திறந்தார். கிட்டத்தட்ட வந்துவிட்டதாம், இன்னொரு டேக் போகலாமாம்.

பாட்டு ரெக்கார்டிங்கிலும் அவர் அப்படித்தான். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பார். ஏதோ ஒரு ஆபீஸ் விழாவில் பாடிக்கொண்டிருந்த என் தங்கையைக் கூட்டிவந்து, பாட்டு போட்டு, பாடகியாக்கி, மேனேஜராகவும் நின்றவர். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவர் புலி. பேசிவைத்த கணக்குக்கு மேல் மேடையில் ஒரு பாட்டு கேட்டால் விழாக்காரர்களோடு மல்லுக்கு நிற்பார். தொண்டை என்ன தண்ணிக்குழாயா என்று கேட்பார். அவர் போதும் என்றால் போதும், நாங்கள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அவரே படம் எடுக்கிறார், தங்கைதான் கதாநாயகி என்றதும் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. இனிமேல் போதும் என்று யார் சொல்வது என்பது மட்டும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

போன மாதம் டாக்டர் அவள் குரல்நாணில் ஒரு தடிப்பு இருப்பதாகச் சொன்னார். அளவாகப் பாடலாம், கத்தவே கூடாது, மீறினால் பாட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். சாரும் பக்கத்தில்தான் இருந்தார். என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்டதே அவர்தான். அதனால் அலறலை வேறு யாரையாவது வைத்து டப்பிங்கில் சேர்ப்பதாகப் பேச்சு. காலையில் செட்டுக்கு வந்ததும் அவர் மனசு மாறிவிட்டது. அடுத்தவர் குரல் அவள் வாயில் ஒட்டாதாம்.

சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம் போய் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

அவர் சிரித்தார். "நான் இங்க டைரக்டர்க்கா. அதெல்லாம் அவ மேனேஜர்கிட்ட பேசுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது, வாட்சைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். நான் தங்கையிடம் போய், வீட்டுக்குப் போயிடலாம் என்றேன். அண்ணனுக்குத் தெரியாததா என்றாள், சாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அதற்குள்ளேயே பேச்சு பாதி காற்றாகத்தான் வந்தது.

அடுத்த டேக்கில் அவள் அலறிக்கொண்டே வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விரித்துக் காட்டினாள். ரெக்கார்டிங் அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, முடியவில்லை என்று அவருக்குக் காட்டுகிற கை அது. அதைப் பார்க்கத்தான் அங்கே அவர் அவ்வப்போது கண்ணைத் திறப்பார். இங்கே திறக்கவில்லை. கேமராமேன்தான் பார்த்தார். "அந்தக் கை பிரமாதம் சார்" என்றார்.

"கைய விடுங்க. குரலுக்கு அடியில ஒரு கீறல் வருது பாருங்க, அதுதான் எனக்கு வேணும்."

மறுபடி எல்லோரும் இடத்துக்குப் போனார்கள். லைட் எரிந்தது. அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மண்டியிட்டாள். வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. லைட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் தன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

சார் கண்ணைத் திறக்காமல் முகத்தைச் சுளித்தார். "மைக் செத்துப்போச்சா? வயரப் பாருங்கப்பா."

ஒருத்தரும் அசையவில்லை. நான் கேபிளைத் தாண்டி அவளை நோக்கி ஓடினேன், செருப்புச் சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

"யாரது? சத்தம் போடாதீங்க" என்று கையை உயர்த்தினார் அவர். கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டு, ஹெட்ஃபோனை இன்னும் அழுத்திக்கொண்டு, எதற்கோ காத்திருந்தார்.