எட்டுப் புள்ளிப் பெண்

கிளென் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். மூளையை எங்கேயோ அடகு வைத்துவிட்டு வந்தவன், அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் வீடியோ கேம் எழுதுவது அவன் வேலை. கேட்ரிட்ஜ்களை டிவியோடு இணைத்த பெட்டியில் செருகி, படம் தெரிகிறதா என்று பார்த்து அட்டைப்பெட்டியில் போடுவது எனக்கும் வெர்னாவுக்கும் வேலை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் எண்பத்திரண்டில் எங்களுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை.

அந்த அக்டோபரில் வந்த கேமின் அட்டையில் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. தங்கம் தோண்ட வந்தவன் ஒருவன் ஆற்றில் குளிக்கும் பூர்வகுடிப் பெண்ணைத் துரத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் அவளைக் கெடுப்பதற்குத்தான் மதிப்பெண். தூ!

முதல் கேட்ரிட்ஜை வெர்னாதான் செருகினாள். திரையில் ஓடியவளுக்கு இடுப்புவரை ஒற்றைப் பின்னல், நுனியில் சிவப்பு ரிப்பன். வெர்னாவின் பின்னல் அது. அவள் பிஷப் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரி, பையூட் என்ற பூர்வகுடி இனம். நேரே கிளெனிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“இது யாரு கிளென்?”

“யாருமில்ல வெர்னா. திரையில அவ மொத்தமே எட்டுப் புள்ளி அகலம், மூஞ்சியா வரைய முடியும்? பொண்ணுனு தெரிய ஏதாச்சும் வேணும்ல. நீ தினம் இந்தப் பக்கம் நடந்து போறியா, அப்படியே கையில வந்திருச்சு. உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்.”

“எங்க ஊர்ல இந்தப் பின்னலப் பாத்தா யாருனு கேக்க மாட்டாங்க. பேரச் சொல்லிருவாங்க. மாத்திரு.”

“கேம் சிப்புல பதிஞ்சு வந்தாச்சே. இனி ஆண்டவனே வந்தாலும் ஒரு புள்ளிய அழிக்க முடியாது.”

அவனை அறைந்திருப்பேன். வெர்னா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் வந்தபோது பின்னல் இல்லை. காதுக்கு மேலே கோணல்மாணலாக வெட்டியிருந்தாள். கிளென் பார்த்துப் பெருமூச்சு விட்டான். “நல்ல வேலை பண்ண. இனி யாருக்கும் அடையாளம் தெரியாது.”

பாவி, அவனுக்கென்ன தெரியும். வீட்டில் சாவு விழுந்தால்தான் வெர்னாவின் இனத்தில் முடியை வெட்டுவார்கள். புருஷன் போனபோது வெட்டியதைத்தான் இத்தனை வருஷம் வளர்த்திருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“யாருடி செத்தது?”

டிவியை மோவாயால் காட்டினாள். ஆற்றில் அந்தப் பின்னல் ஓடிக்கொண்டிருந்தது.

“இவதான். வீட்டுக்கு வீடு தினம் சாகப்போறா. துக்கம் காக்க ஒருத்தியாவது வேணும்ல.”

படம் சரியாகத்தான் தெரிந்தது. கேட்ரிட்ஜை உருவி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.