துணி சுற்றிய ஸ்பிரிங்

கொல்லைப்புறத்தில் மண்டியிட்டு, அப்பா பந்து எறியும் வலையை இரும்புச் சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான் பெரியவன். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு நாற்காலி போட இடம் வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"அதுல கை வைக்காதே அண்ணே."

வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த தம்பி. உள்ளே அழுதுவிட்டு வந்திருந்தான். தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"நாற்காலியை உன் தலையிலயா போடுறது?"



அப்பா லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அணியில் பேஸ்பால் ஆடியவர். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பெரியவனை ஒரே நாளில் ஒதுக்கிவிட்டு, தம்பியைத்தான் எதிரே நிறுத்தி எறிவார். தம்பி வேலை கிடைத்துப் போனதும், இனி நம்மைத்தான் கூப்பிட்டாக வேண்டும் என்று பெரியவன் காத்திருந்தான். அப்பா கூப்பிடவில்லை. ஓய்வு பெற்ற கையோடு இந்த வலையை வாங்கி வந்து நட்டார். எறிந்த பந்தை அதுவே திருப்பி அனுப்பும். எதிரே ஆள் வேண்டாம்.

ஒருநாள் காலை, வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"நான் பிடிக்கவாப்பா?"

"நைட் ஷிப்டு பார்த்துட்டு வந்திருக்க. மேல போய்ப் படு."

வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். தம்பியென்றால் சண்டையாவது போடலாம். நூல் வலையோடு என்ன சண்டை போடுவது?

சட்டத்தைச் சுற்றியிருந்த ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் நீலத்துணி இறுகச் சுற்றியிருந்தது. ஒன்றை உருவினான். பித்தானோடு வந்தது. காணோமென்று அம்மாவிடம் மல்லுக்கு நின்ற அவனுடைய பழைய யூனிஃபார்ம் சட்டை.

"என் சட்டையைக் கிழிச்சிருக்காரு பாரு."

"பந்து பட்டா ஸ்பிரிங் கிறீச்சுனு கத்துதாம். நீ தூங்குற நேரம்னு துணி சுத்தினாரு. அப்பவும் நீ முழிச்சிடுவியோன்னு மெதுவாத்தான் எறிவாராம்."

பெரியவன் கை நின்றது.

"உனக்கு யாரு சொன்னா?"

"அப்பாதான். தினமும் போன்ல பேசுவாரே."

"தினமுமா?"

"பாதிப் பேச்சு உன்னைப் பத்திதான்."

"என்னைப் பத்தி. உன்கிட்ட." அவன் துணியைத் தூக்கி எறிந்தான். "மாடியேறி வந்து என்கிட்ட சொல்ல அவருக்குக் கால் வலிச்சுதாக்கும்."



"வண்டி வந்தாச்சு, வாங்கப்பா ரெண்டு பேரும்" என்று உள்ளிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்.

தம்பி கூடத்துக்கு முந்திப்போய், அப்பாவைக் கிடத்தியிருந்த ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் நின்றான்.

"கால்மாட்டுக்குப் போ" என்றான் பெரியவன்.

"அண்ணே, நானும்..."

"போடா."

தம்பி போனான். தூக்கியபோது அப்பாவின் வலது கை போர்வைக்கு வெளியே சரிந்தது. அதை உள்ளே வைக்கச் சித்தப்பா குனிந்தார்.

"விடுங்க. நான் பார்த்துக்கறேன்."

தலைமாட்டின் மறுபக்கத்தைச் சித்தப்பா தாங்க, ஒரு கையால் பாரத்தைச் சுமந்துகொண்டு, மறு கையால் அப்பாவின் கையைப் பிடித்தான் பெரியவன். உள்ளே வைக்கவில்லை. வாசற்படி இறங்கும்போது கால் இடறியது. அப்போதும் விடாமல் வண்டி வரைக்கும் நடந்தான்.