கொக்கிக்குப் பொட்டு வைத்த நாள்

லட்சுமணசாமி தன் கம்பெனிப் பலகையில் 'பம்ப்ஸ்' என்பதை அழித்துவிட்டு 'ஏரோஸ்பேஸ்' என்று எழுதி ஏழு மாதம் ஆகிறது. உள்ளே லேத்து அதேதான், பத்தரை மணி டீயும் அதேதான். முதலாளி மட்டும் கோட்டு போட ஆரம்பித்திருந்தார். கோயமுத்தூர் சித்திரை வெயிலுக்கு அது அவசியம் என்று அவருடைய மகன் சபரீஷ் சொல்லியிருக்க வேண்டும். எம்.பி.ஏ. படித்தவன்.

அவர்கள் செய்தது ஒரு கொக்கி. ராக்கெட்டின் உச்சியில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் கூண்டை அது ராக்கெட்டோடு பிடித்திருக்கும். கீழே தீப்பிடித்தால், கூண்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு பறக்க மேலே தனியாக ஒரு மோட்டார் உண்டு. அது இழுக்கும்போது கொக்கி விட்டுவிட வேண்டும், நாற்பது மில்லி செகண்டுக்குள். அதாவது கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். விடாவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் ராக்கெட்டோடு போய்ச் சேர வேண்டியதுதான்.

தரச் சோதனைக்குப் பொறுப்பு லோகப்பிரியா. முப்பது தடவை சோதித்தாள். ஒரு தடவைகூட முப்பத்து மூன்று மில்லி செகண்டுக்கு மேல் போகவில்லை. சான்றிதழில் அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கொக்கியை வழியனுப்பும் விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். கொடியசைக்கத் தொழிலதிபர் சங்கத் தலைவர் ஆறுச்சாமி வந்திருந்தார். பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு லோகப்பிரியா சோதனை அறைக்குத் திரும்பினால், கொக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் மூன்று இடத்தில் வைத்து, மல்லிகைச் சரமும் சுற்றியிருந்தது.

"ஏனுங்க, யாருங்க இதுக்குப் பொட்டு வச்சது?"

"நாந்தான் அம்மணி" என்றார் லட்சுமணசாமி. "முப்பது வருசமாப் பொட்டு வைக்காம ஒரு பம்பு நம்ம கேட்டைத் தாண்டுனதில்ல. கெணத்துல எறங்கி ஒண்ணாச்சும் நின்னிருக்குதா?"

"பம்புக்கு மேல வச்சீங்க. இதுக்கு உள்ள வச்சுப்போட்டீங்களே. கொக்கியை விடுவிக்கற பின்னு ஓடற குழிங்க அது."

"வாகாக் குழியா இருந்துதே" என்றார் அவர்.

"ஒரு துணியில தொடைச்சுட்டாப் போகுது" என்றான் சபரீஷ்.

"மறுபடி சோதிக்காம நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

முடியாது என்பதையும் மரியாதை சேர்த்துச் சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம். கேட்கிறவருக்குப் பாதி சம்மதம் போலத்தான் காதில் விழும். லட்சுமணசாமி சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. கொக்கியைத் துடைத்துச் சோதனை மேடையில் மாட்டினாள்.

கொக்கி டக்கென்று விட்டது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுச்சாமி கை தட்டினார். திரையில் ஐம்பத்தெட்டு என்று வந்தது.

"பட்டுன்னு உட்டுருச்சே கண்ணு, அப்புறம் என்ன?" என்றார் ஆறுச்சாமி.

"பதினெட்டு மில்லி செகண்டு லேட்டுங்க."

"நாங்கெல்லாம் கலியாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டாப் போறவங்க."

"கலியாணத்துல பந்தி போயிரும், அவ்வளவுதானுங்க. இதுல மூணு பேர் போயிருவாங்க."

லட்சுமணசாமி அவளைத் தனியே அழைத்துப்போனார். "நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணி நேரந்தான் இருக்குது. கையெழுத்துப் போடலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் அம்மணி."

"சரிங்க. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாந்தானுங்களே பொறுப்பு?"

மேசையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, கொக்கியில் கட்டினாள்.

"இதுல போட்டுட்டனுங்க கையெழுத்து."

அந்த அட்டையோடு போனால் வாங்குகிறவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பிய்த்துவிட்டு அனுப்பினால் சான்றிதழ் எங்கே என்பார்கள். கோட்டுக்குள் முதலாளிக்கு வேர்த்து ஊற்றியது.

சபரீஷின் படிப்பு அப்போதுதான் உதவியது. "அப்பா, பெட்டி ஆணி அடிச்சு மூடித்தானே போகுது?"

அப்படியே நல்ல நேரத்துக்குள் காலிப் பெட்டி லாரி ஏறியது. நாதஸ்வரம் வாசித்தார்கள். "இந்தப் பெட்டிக்குள்ளே கொங்கு மண்ணின் உழைப்பு இருக்கிறது" என்று ஆறுச்சாமி குரல் தழுதழுக்கப் பேசிக் கொடியசைத்தார். உள்ளே தெர்மோகோல் இருந்தது. லாரி அவிநாசி வரை போய், பிரமுகர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு திரும்ப வேண்டும் என்று டிரைவருக்கு உத்தரவு.

எல்லாரும் போனதும் லட்சுமணசாமி சோதனை அறைக்கு வந்தார். லோகப்பிரியா கொக்கியைக் கழற்றி, பின்னை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தாள்.

"எத்தனை நாளாகும்?"

"கழுவிக் காயவச்சு, மறுபடி முப்பது தடவைங்க. பத்து நாளாச்சும் ஆகும்."

"ஏன் வரலைன்னு கேப்பாங்களே. என்ன சொல்றது?"

"நான் நிறுத்திப்போட்டேன்னு சொல்லுங்க. பேரோட சொல்லுங்க."

அவர் துணியில் கிடந்த பின்னுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"நாளைக்கு எட்டரைக்கு வந்துரு அம்மணி."

"எட்டுக்கே வாரனுங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னு மேல வேர்வை உழுகுது."