மலையேறிய வெள்ளிக்கிழமை

ஆனந்தவள்ளி மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் 'ஒளியன்னை' என்ற பெயரில் ஒரு பெண் அனுப்பிய குரல் பதிவுகள்தான் காரணம். பூமியின் அச்சு சாயப்போகிறது, சமவெளியெல்லாம் தண்ணீருக்குள் போகும், மலையேறியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். பிள்ளையைத் தட்டி எழுப்புகிற தாயைப் போல அத்தனை இதமாகப் பேசியது அந்தக் குரல். கடைசிப் பதிவில் நேரமும் வந்துவிட்டது: வெள்ளிக்கிழமை, மாலை நான்கு பத்து.

ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டிலிருந்து காவிரி பத்து நிமிட நடை. மறுபக்கம் கொள்ளிடம். குழாயில் தண்ணீர் கொட்டினாலே இப்போது அவள் ஓடிப்போய் அடைத்தாள்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் கணவன் ரஞ்சித்திடம் சொன்னாள். "அன்னிக்கு எனக்கு ஷிப்ட். உலகம் அழிஞ்சா லீவு தருவாங்களான்னு கேட்டுப் பார்க்கறேன்" என்று சிரித்தான். அதன்பின் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, உறவில் சாவு என்று பொய் சொல்லி மகள் ப்ரீத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டாள். துறையூருக்குப் பஸ். அங்கிருந்து குழு ஏற்பாடு செய்திருந்த வேனில் பச்சைமலைக்கு. மலைமேல் ஒரு தகரக் கொட்டகையில் நாற்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். குழுவை நடத்திய பீமராவ் எல்லோருடைய போனையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டார். சாம்பிராணிப் புகை கொட்டகையை அடைத்தது.

மூன்று மணிக்கு ப்ரீத்திக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலர் வீட்டில் இருந்தது. "அம்மா, மூச்சு வரலம்மா" என்றாள். உதடு நீலம் பாரித்தது.

"ஐயா, பிள்ளைக்கு முடியல. கீழ போகணும்."

"இன்னும் ஒரு மணி நேரம்தாம்மா" என்றார் பீமராவ். அவரும் பயந்துபோய்த்தான் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எறங்கினா ரெண்டு பேருமே இருக்க மாட்டீங்க."

ஒரு சொல் விடாமல் அவள் நம்பினாள். கீழே போனால் சாவு என்று தெரிந்தே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேன் டிரைவர் செல்லக்கண்ணு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஏறுங்கம்மா" என்றார். வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு தெரிந்தபோதெல்லாம் அங்கே தண்ணீர் ஏறியிருக்கும் என்று பயந்து அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் பெலிண்டா குழந்தையின் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு ஐந்து. நான்கு எட்டு. வெளியே ஒரு லாரி கிளம்பிய சத்தத்தில் ஆனந்தவள்ளி மகள்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"ஏன் இப்படிப் பயப்படறீங்க? பாப்பாவுக்கு இப்ப பரவாயில்லைங்க" என்றாள் பெலிண்டா. மணி நான்கு இருபது ஆகியிருந்தது.

பெலிண்டாவின் போனில் அவள் கூப்பிட, இருட்டும் நேரத்தில் ரஞ்சித் பைக்கில் வந்து சேர்ந்தான். மகளின் மார்பில் காது வைத்துக் கேட்டான். பிறகு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எல்லாம் முழுகிடும்னு நெஜமாவே நம்பினியா?"

"நம்பினேங்க."

"அப்ப நானும் போயிருப்பேன்ல?"

அவள் மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். "காலையில உங்க டிபன் பாக்ஸ்ல, உங்களுக்குப் பிடிச்ச வாழைக்காய் வறுவல் நிறைய வச்சேன்" என்றாள்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை இன்னும் சில்லிட்டிருந்தது.